மேல்கம்பி வேலையும் மூடிய ஸ்டேஷனும்: டர்பன் ரயில் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ரயில் பாதைகளில் மேல்கம்பி வேலை, அதாவது ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பியைப் பாதைக்கு மேலே கட்டும் வேலை, நடக்கும் காலத்தில் கோயில் வாசலிலும் தமிழ் வகுப்பு வாசலிலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் காதில் விழுகின்றன. என் வீட்டுக்காரர் பல வருடம் மேல்கம்பிப் பிரிவில் வேலை பார்த்தவர். அதனால் கேள்விகள் கடைசியில் எங்கள் வீட்டுக்கே வந்து சேரும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வந்து கடைகளிலும் கோயில்களிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும், டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் மெரிபேங்கிலும் இருக்கும் பெரியவர்களுக்கும் உதவட்டும் என்று அவற்றைத் தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

எந்த ரயில் எத்தனை மணிக்கு என்பது வாரத்துக்கு வாரம் மாறும். அதற்குப் புறநகர் ரயிலை ஓட்டும் மெட்ரோரெயிலின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். வேலை ஏன் இப்படி நடக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அக்கா, கரண்ட் ரயில் என்றால் கரண்ட் எங்கிருந்து வந்து எங்கே போகிறது?

அரசு மின் நிறுவனமான எஸ்காமோ நகராட்சியோ கொடுக்கும் உயர் அழுத்த மின்சாரம் தண்டவாளத்தை ஒட்டிய துணைமின் நிலையத்துக்கு வருகிறது. அங்கே அதை 3,000 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிப் பாதைக்கு மேலே போகும் கம்பிக்கு அனுப்புகிறார்கள். ரயில் கூரையில் மடக்கி விரிக்கும் ஒரு சட்டம் இருக்கிறதே, அதுதான் பாண்டோகிராப். அது கம்பியை அடியிலிருந்து தொட்டபடி மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். பிறகு அந்த மின்சாரம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் துணைமின் நிலையத்துக்கே திரும்பிப் போகும். ஆகவே தண்டவாளமும் இந்தச் சுற்றில் ஒரு பாதிதான்.

மேலே இருப்பதும் ஒற்றைக் கம்பி இல்லை. தாங்கும் கம்பி ஒன்று, அதிலிருந்து தொங்கும் சிறு கம்பிகள், அவற்றின் அடியில் பாண்டோகிராப் தொடும் கம்பி என்று மூன்று வகை. தொடும் கம்பியைக் கம்பத்துக்குக் கம்பம் கொஞ்சம் இடமும் வலமுமாக இழுத்துக் கட்டுவார்கள். நேராகக் கட்டினால், ஒரே இடத்தில் கத்தி தீட்டிய கல்லில் பள்ளம் விழுவதுபோல பாண்டோகிராப்பின் கரிப்பட்டையில் பள்ளம் விழுந்துவிடும். தேய்ந்து கழற்றிய பட்டைத் துண்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கம்பி இப்படி அலைந்ததால் அகலம் முழுவதும் ஒரே மட்டமாகத் தேய்ந்திருக்கிறது. தொட்டால் இன்றும் விரலில் கறுப்பு ஒட்டும்.

எங்கள் லைனில் அப்பா காலத்திலேயே கரண்ட் ரயில் ஓடியதே. மறுபடியும் எதற்கு மின்மயம்?

ஓடியது உண்மை. இந்த நாட்டில் நெடுந்தூரப் பாதை ஒன்றை முதலில் மின்மயமாக்கியதே, டர்பன் இருக்கும் நம் நேட்டாலில்தான். மலையேற்றத்தில் நிலக்கரி வண்டிகளை நீராவி இன்ஜின்கள் இழுத்து முடியாமல் திணறியதால், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கிளென்கோ வரையான பாதைக்கு 1920-களின் நடுவில் மின்சாரம் கொடுத்தார்கள். அதற்காகவே கொலென்சோவில் ஒரு மின்நிலையமும் எழும்பியது. அந்த 3,000 வோல்ட் முறைதான் இன்றைக்கும் நம் புறநகர் ரயிலுக்கு.

இப்போது நடப்பது இழந்ததைத் திரும்பக் கட்டும் வேலை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து ரயில் நின்றது. ஆள் நடமாட்டம் இல்லாத பாதைகளில் நாடு முழுவதும் கம்பி, கேபிள், சிக்னல் பெட்டி, ஸ்டேஷன் கூரைத் தகடு வரை அறுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் 2022 ஏப்ரல் வெள்ளம். குவாசுலு-நேட்டாலில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த மழை, ரயில் பாதைக்கு அடியிலிருந்த மண்ணையும் பல இடங்களில் அரித்துவிட்டது. கம்பமும் கம்பியும் துணைமின் நிலையத்தின் உள்ளுறுப்புகளும் போன பாதையில் வேலை என்பது, முதல் தடவை மின்மயமாக்குவதற்குச் சமமான வேலைதான். இதைப் புரிந்துகொண்டால் “ஒரு கம்பியை மாட்ட இத்தனை நாளா?” என்ற கோபம் கொஞ்சம் தணியும்.

மேலே கம்பி இழுப்பதற்குக் கீழே ஸ்டேஷனை ஏன் மூடுகிறார்கள்?

ஸ்டேஷனில்தான் கம்பி வேலை அதிகச் சிக்கலாகிறது. பயணிகள் ஏறி இறங்கும் நடைபாலம் கம்பிக்கு மேலே போகிறது. பாலத்துக்கும் கம்பிக்கும் நடுவில் போதுமான இடைவெளி இல்லையென்றால் பாலத்தைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டவாளத்தைத் தாழ்த்த வேண்டும். கம்பத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவது நடைமேடையின் ஓரத்திலேயே. கிரேன் கை சுழலும் இடத்துக்குக் கீழே யாரையும் நிற்க விட முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய மஞ்சள்-சாம்பல் ரயில்களுக்குப் பதிலாக வரும் புதிய நீல ரயில்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம் டன்னாட்டர் தொழிற்சாலையில் தயாராகின்றன. ஆறு பெட்டி கொண்ட தொடர்கள், மொத்தம் 600 என்பது ஒப்பந்தம். அவற்றின் தரை மட்டத்துக்குச் சரியாக நடைமேடை இருந்தால்தான் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையில்லாமல் ஏறும். பல நடைமேடைகளின் உயரத்தையும் ஓரத்தையும் அதற்காகத் திருத்த வேண்டியிருக்கிறது. மூடுவதே மூடுகிறோம், இதையும் சேர்த்து முடித்துவிடலாம் என்பது சரியான யோசனைதான். மூன்று முறை மூடித் திறப்பதைவிட ஒரே முறை மூடுவது பயணிக்கு நல்லது.

ராத்திரியில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் ரயில் விடக்கூடாதா?

கடைசி ரயில் போனதும் கட்டுப்பாட்டு அறை மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தியது உண்மைதானா என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பியைத் தண்டவாளத்தோடு இணைத்து எர்த் பண்ண வேண்டும். அதன் பிறகுதான் பொறுப்பாளர் கையில் எழுத்து அனுமதி வரும், ஏணி சாயும். விடியும் முன்பு இதெல்லாம் தலைகீழாக நடக்கும்: ஆட்களை எண்ணி, கருவிகளை எண்ணி, எர்த்தை எடுத்து, அனுமதியைத் திருப்பிக் கொடுத்து, மறுபடியும் மின்சாரம். ஐந்து மணி நேர இரவில் இரண்டு மணி நேரம் இதற்கே போனாலும் போகும்.

சின்னப் பழுதுகளுக்கு ராத்திரி வேலை சரி. கிலோமீட்டர் கணக்கில் கம்பி இழுக்க அது தாங்காது. அதோடு நம் ஊரில் இன்னொரு பயமும் இருக்கிறது. இழுத்து முடித்தும் மின்சாரம் ஏறாத கம்பிதான் திருடனுக்கு எளிது. அரைகுறையாக விட்டுவிட்டுப் போனால் அடுத்த ராத்திரி அது அங்கே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் ஒரு பகுதியை எடுத்தால் மூச்சுவிடாமல் முடித்து, உடனே மின்சாரம் ஏற்றி, காவலும் போட வேண்டும். தொடர்ந்து மூடிச் செய்வதை நான் ஆதரிப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

ரெண்டு தண்டவாளம் இருக்கிறதே, ஒன்றில் வேலை, ஒன்றில் ரயில் என்று வைத்துக்கொள்ளலாமே?

சில நாட்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அப்போது ரயில் குறைவாகவும் மெதுவாகவும் ஓடும், ஏனென்றால் இரண்டு திசைக்கும் ஒரே பாதை. ஆனால் இரு பாதைக்கும் குறுக்கே ஒரே இரும்புச் சட்டம் நின்று இரண்டு கம்பியையும் தாங்கும் இடங்களில் ஒன்றை விட்டு ஒன்றைத் தொட முடியாது. பக்கத்துப் பாதையில் 3,000 வோல்ட் ஓடும்போது கையில் நீளமான உலோகத்தோடு நிற்கும் ஆளின் நிலைமையையும் யோசியுங்கள்.

அதுவரைக்கும் டீசல் இன்ஜின் போட்டு இழுக்கலாம் இல்லையா?

கம்பி மட்டும் இல்லாமல், தண்டவாளமும் சிக்னலும் நன்றாக இருந்தால் முடியும். ஆனால் டீசல் இன்ஜின் மெதுவாகத்தான் வேகம் எடுக்கும். சாட்ஸ்வொர்த் லைனில் ஹேவன்சைட், பேவியூ, வெஸ்ட்கிளிஃப் என்று கிட்டக் கிட்ட ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் நின்று கிளம்பினால் பயண நேரம் நீண்டுவிடும். கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோக ஒரு கிளைப்பாதையும் வேண்டும். கம்பி இழுக்கும் வண்டியே அந்தத் தண்டவாளத்தில் நின்றால் டீசலுக்கும் வழி கிடையாது.

செம்பு இருப்பதால்தானே திருடுகிறார்கள்? செம்பே இல்லாத முறை இல்லையா?

நம்முடையது 3,000 வோல்ட். ரயில் 3 மெகாவாட் இழுத்தால் கம்பியில் 1,000 ஆம்பியர் ஓடும். அதே ரயில் 25,000 வோல்ட்டில் ஓடினால் 120 ஆம்பியர் போதும். அழுத்தம் குறைய, கம்பி பருமனாகிறது, துணைமின் நிலையங்களும் நெருங்கி நிற்க வேண்டியிருக்கிறது. நம் பாதைகளில் இவ்வளவு செம்பு தொங்குவதற்கு அதுதான் காரணம்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் 2010-இல் ஓடத் தொடங்கிய கவ்ட்ரெயின் என்ற விரைவு ரயில் 25,000 வோல்ட். “நாமும் மாறிவிடலாமே” என்று கேட்பார்கள். மாறினால் துணைமின் நிலையம், மின்சாரம் கம்பத்தில் இறங்காமல் கம்பியைப் பிடித்திருக்கும் பீங்கான் தாங்கி, பால உயரம், சிக்னல் என்று எல்லாம் மாற வேண்டும். மேலே சொன்ன புதிய ரயில்கள் 3,000 வோல்ட்டுக்காகச் செய்தவை. ஆகவே இருக்கும் முறையைக் காப்பாற்றுவதுதான் கைக்கு எட்டும் வழி. மின்சாரம் கொண்டுபோகும் துணைக் கேபிள்களில் செம்புக்குப் பதில் அலுமினியம் போட்டால் திருடனுக்கு ஆசை குறையும். 2022 நவம்பர் கடைசியில் அரசாங்கம் செம்புக் கழிவு ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் இதற்காகத்தான். வாங்க ஆள் இருக்கும்வரை அறுக்க ஆள் வருவான்.

கம்பி எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஒரு மாதமாகச் சும்மா நிற்கிறது. ரயில் எங்கே?

கம்பி மாட்டியதும் பாதி தூரம்தான் வந்திருக்கிறார்கள். இழுவை சரிபார்க்க வேண்டும். கம்பத்தின் ஓரத்தில் அடுக்கடுக்காகத் தொங்கும் கனமான எடைகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பியை எப்போதும் ஒரே விறைப்பில் வைப்பது அவைதான். வெயில் ஏறினால் கம்பி நீளும், எடை கீழே இறங்கும். குளிர்ந்தால் மேலே ஏறும். அந்த ஓட்டம் தடையில்லாமல் இருந்தால்தான் பாண்டோகிராப் கம்பியில் சிக்கி இழுக்காது.

அப்புறம் பீங்கான் தாங்கிகளில் மின்கசிவு இருக்கிறதா என்ற சோதனை, முதல் மின்னேற்றம், பயணி இல்லாத சோதனை ரயில், ஓட்டுநர்களுக்குப் பாதைப் பயிற்சி. ரயில்வே பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியும் வேண்டும். சிக்னல் வேலை தனியாக ஓடும். பெரும்பாலும் தாமதம் அங்கேதான்.

திறந்துவிட்டார்கள், ஆனால் ரயில் ஊர்ந்து போகிறது. என்ன மின்மயம் இது?

முன் பதிலில் சொன்ன சிக்னல் விஷயம்தான். சிக்னல் வேலை செய்யாத பகுதியில் ஓட்டுநர் ஒவ்வொரு பகுதிக்கும் எழுத்து அனுமதி வாங்கிக்கொண்டுதான் நகர முடியும். முன்னால் ஒரு ரயில் நிற்கவில்லை என்பதை மனிதர்கள் பேசி உறுதி செய்கிறார்கள். அதனால்தான் வேகம் குறைவு. மேல்கம்பியில் மின்சாரம் இருக்கும்போதே உள்ளூர் மின்தடையால் சிக்னல் அணைந்தாலும் இதே கதைதான்.

கம்பி அறுந்து தொங்குகிறது. கரண்ட் இருக்காது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஓரமாகத் தள்ளிவிடலாமா?

கூடவே கூடாது. வீட்டில் இருப்பது 230 வோல்ட், இது அதைப்போல் பதின்மூன்று மடங்கு. கம்பியைப் பார்த்து மின்சாரம் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் அத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் எர்த் மாட்டாத கம்பியைத் தொட்டதில்லை. நேற்று வரை செத்துக் கிடந்த கம்பிக்கு இன்று சோதனைக்காக மின்சாரம் ஏற்றியிருக்கலாம்.

எட்டி நில்லுங்கள், மற்றவர்களையும் நிறுத்துங்கள். வண்டியின்மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே உட்காருங்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதித்து, காலை அகட்டாமல் சின்னச் சின்ன அடியாக விலகிப் போங்கள். பட்டம் கம்பியில் மாட்டினால் பட்டம் போகட்டும். ரயில் கூரையில் ஏறி விளையாடும் பையன்கள் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே உயிர் போய்விடலாம். இந்த நாட்டில் எத்தனையோ தாய்மார் அப்படிப் பிள்ளையை இழந்திருக்கிறார்கள்.

தைப்பூசத்துக்குத் தேர் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். லைன் மூடியிருக்கும்போது கேட்காமலே போகலாமா?

பாதை மூடியிருக்கிறது என்பதற்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ரயில் ஓடாத பாதையில் சோதனைக்காக மின்சாரம் இருக்கலாம். தேரின் உச்சியில் உலோகக் கலசம், அதற்கு மேல் கொடி, நனைந்த மூங்கில், ஈரப் பூமாலை எல்லாமே ஆபத்து. ஆளோ பொருளோ, கம்பியிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளியே இருக்க வேண்டும்.

கடக்கும் இடத்தில் உயர வரம்புப் பலகை இருக்கும். தேரை அலங்காரத்தோடு அளந்து பாருங்கள். கலசம் வைத்த பிறகு அளப்பதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். வரம்பைத் தொடும்போல இருந்தால் பல வாரத்துக்கு முன்பே ரயில்வேக்கு எழுதி, மின்சாரத்தை நிறுத்தி அவர்கள் ஆளும் கூட நிற்கும்படி கேளுங்கள். பதில் எழுத்தில் வரவில்லையென்றால் உச்சியைக் கழற்றி எடுத்துப்போய் அந்தப் பக்கம் மாட்டுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்தா லைனை மூடுவது?

இந்த ஆதங்கம் நியாயமானது. எந்த நாட்டு ரயில்வேயும் பெரிய வேலைக்கு நீண்ட விடுமுறையைத்தான் பார்க்கும், ஆபீசுக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் குறைவு என்பதால். ஆனால் இசிபிங்கோ ரெயில் என்ற ஊரில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குக் குட் ஃபிரைடே, ஈஸ்டர் நாட்களில் ஆயிரக்கணக்கில் சனம் வருகிறது. ஊர்ப் பெயரிலேயே ரயில் இருக்கும் இடம் அது. நமக்கு அதுதான் கூட்டமான நாள். அட்டவணை போடுகிறவர் மேசையில் அது விடுமுறை என்று மட்டும்தான் தெரியும்.

கோயில் கமிட்டிகள் இதைச் சொல்லவேண்டிய நேரம் மாசியோ பங்குனியோ அல்ல. மூடும் நாட்களைப் பல மாதம் முன்பே முடிவு செய்துவிடுவார்கள். தைப்பூசம், ஈஸ்டர், ஆடிக் கஞ்சி, புரட்டாசி, தீபாவளி என்று நம் கூட்ட நாட்களின் பட்டியலை முந்தின வருடமே தேதியோடு கொடுத்துவிட வேண்டும். தனியாக ஒரு கோயில் எழுதுவதைவிட இரண்டு மூன்று கோயில்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் எடை கூடும்.

மாசச் சீட்டு வாங்கிவிட்டேன், மறுநாளே மூடிவிட்டார்கள். என்ன செய்வது?

சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதையும் மூடல் அறிவிப்பையும் படம் எடுத்து வைத்து, சீட்டு வாங்கிய கவுண்டரிலேயே எழுத்தில் கேளுங்கள். அறிவிப்புக்கு முன்பே வாங்கியது என்று தேதி காட்டும். வேலை நடக்கும் மாதங்களில் வாரச் சீட்டுதான் புத்திசாலித்தனம்.

மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் வயசானவர்கள் எப்படிச் சமாளிப்பது?

பெரியா ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் வார்விக் மார்க்கெட்டுகள் பக்கத்திலேயே. ரயில் இல்லாதபோது பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்சியில் போகலாம், ஆனால் ரயிலைவிடக் காசு நிறைய ஆகும், பெரிய மூட்டைக்கு இடமும் கிடைக்காது. எங்கள் தெருவில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு காரில் போகிறோம். காய்கறிக்கு மட்டும் என்றால் வெள்ளி, சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்திலேயே பங்களாதேஷ் மார்க்கெட் இருக்கிறது. மருத்துவமனைக்கு நாள் வாங்கும்போதே “காலை முதல் நேரம் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். ஸ்டேஷன் மூடியிருந்தால் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்வது கஷ்டம்.

இந்த லைனையெல்லாம் நம் ஆட்கள்தான் போட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

முதல் பாதை இல்லை. துறைமுக முனையிலிருந்து ஊருக்குள் வந்த இரண்டு மைல் பாதை 1860 ஜூன் 26-இல் திறந்தது. சென்னையிலிருந்து நம்மவர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் அந்த வருடம் நவம்பர் 16-இல்தான் வந்தது. ஆனால் 1877-இல் நேட்டால் அரசு ரயில்வே பொறுப்பேற்று உள்நாட்டுக்குப் பாதை நீண்டபோது ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் நிறையப் பேர் அதில் மண் வெட்டினார்கள், ஜல்லி கொட்டினார்கள், தண்டவாளம் சுமந்தார்கள். அந்தப் பாதை நமக்குச் சொந்த விஷயம் என்று நான் சொல்வது அதனால்தான்.

மூடிக் கிடக்கும் ஸ்டேஷனில் ராத்திரி ஆட்கள் கம்பி அறுக்கிறார்கள். பயமாக இருக்கிறது, யாரிடம் சொல்வது?

மூடிய ஸ்டேஷனை ஊர் மறந்துவிட்டது என்று தெரிந்தால்தான் அவர்கள் துணிகிறார்கள். அதனால் பேசாமல் இருக்காதீர்கள். ஆனால் நேரில் போகாதீர்கள், விளக்கடிக்காதீர்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். துப்பாக்கியோடு வருபவர்களும் உண்டு. போலீசுக்கு 10111, கைபேசியிலிருந்து 112. உங்கள் பகுதிக் காவல் குழுவின் வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம்.

“ஸ்டேஷன் பக்கம்” என்று சொன்னால் அவர்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். மேல்கம்பியைத் தாங்கும் கம்பங்களில் எண் எழுதியிருக்கும். பகலில் நடந்து போகும்போது உங்கள் வீட்டுக்கு நேராக இருக்கும் கம்பத்தின் எண்ணைப் பார்த்து, கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போன் செய்யும்போது அந்த எண்ணையும், வண்டி நின்றால் அதன் நிறத்தையும், எந்தத் தெரு வழியாக வெளியேறுகிறது என்பதையும் சொல்லுங்கள்.